பப்பாளியும் நம் தோலும்

ஆட்டிறைச்சி எளிதில் வேகாவிட்டால் அதில் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுவது நாம் அறிந்ததே. காயின் பாலிலுள்ள பப்பேன் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்கிறது. நம் தோலின் மேற்பரப்பில் படிந்துள்ள இறந்த செல்களில் இருப்பதும் கெரட்டின் என்ற புரதமே. ஆகவே கனிந்த பழத்தை மசித்துப் பூசி ஐந்து நிமிடத்தில் கழுவினால் அவை சிறிது தளரும். அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. பழுக்கப் பழுக்கப் பால் குறைவதால் பழம் சாதுவானது. காய்ப்பாலையோ பூசவே கூடாது. இறந்தது, உயிருள்ளது என்ற பேதம் பப்பேனுக்குத் தெரியாது, தோல் புண்ணாகிவிடும். சிலருக்குப் பழமே ஒத்துக்கொள்ளாது. முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்ப்போம். சிவப்பாகலாம் என்றல்லவா நம்மில் பலர் பூசுகிறோம்! நிறத்தைத் தரும் மெலனின் மேல்தோலின் அடி அடுக்கில் உருவாகிறது. பப்பாளி அவ்வளவு ஆழம் போவதில்லை.