தொட்டியைத் தேய்க்கிறீர்களா?

மழைக்காலம் வந்தால் டெங்கு காய்ச்சல் பயமும் கூடவே வந்துவிடுகிறது. அதைப் பரப்பும் 'ஏடிஸ்' கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. வீட்டில் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் பிறக்கிறது. கடிப்பதும் பகலில்தான்.

"பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தானே புதுத் தண்ணீர் பிடிக்கிறோம்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசு, தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தொட்டியின் உட்சுவரில் முட்டையிடும். கரித்தூள் போன்ற அந்த முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் சாவதில்லை. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும்! முட்டை, கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும்.

ஆகவே, வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். தேங்காய் நாரும் சோப்புத்தூளும் கொண்டு உட்சுவரை அழுத்தித் தேயுங்கள். தண்ணீர்க் கோடு விழுந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். கழுவிய நீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள்.

மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டி உதவும். டிரம்மின் வாயைவிடச் சுற்றிலும் ஒரு சாண் பெரிதாக வட்டமாய் வெட்டுங்கள். ஓரத்தை மடித்துத் தைத்து, நாடா கோத்து, இழுத்துக் கட்டுங்கள். துணி தொய்ந்து தண்ணீரில் படக்கூடாது.

பூந்தொட்டியின் அடித்தட்டு, பிரிட்ஜின் பின்தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர் ஆகியவற்றையும் பாருங்கள். கொல்லையில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாது. குழியில் மணலை நிரப்புங்கள்.

டெங்கு கிருமியைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. வாரம் கால் மணி நேரம் நார் பிடிக்கும் கைதான் குழந்தைகளுக்குக் காவல்!