நம்பி வரும் பிள்ளைகளும் நிரப்பச் சொல்லும் படிவங்களும்

கிழக்கு லண்டனில் நியூஹாம் என்றொரு வட்டாரம் உண்டு. ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் போன குடும்பங்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாம் அதில்தான் இருக்கிறது. 2017 ஜனவரியில் அந்த வட்டாரத்தின் உள்ளாட்சி மன்ற ஊழியர் ஒருவர் 44 பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதோடு போன காவல்துறைப் பட்டியலில் 203 பேரின் விவரங்கள் இருந்தன. பிறந்த தேதி, வீட்டு முகவரி, கத்தி வைத்திருப்பவரா, எந்தக் கும்பலைச் சேர்ந்தவராகக் கருதப்படுகிறார் என எதையும் மறைக்காமல் அப்படியே அனுப்பிவிட்டார். அதே ஆண்டு மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில் அந்தப் பட்டியலின் படங்கள் ஸ்னாப்சாட் வழியாக எதிர்க் கும்பல்களின் கைக்குப் போயின. பட்டியலில் இருந்த சிலர் அந்த ஆண்டு வன்முறைக்கும் ஆளானார்கள். கசிவுக்கும் தாக்குதல்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று சொல்ல இயலாது என்றது விசாரித்த தகவல் ஆணையர் அலுவலகம். ஆனாலும் 2019-இல் அந்த மன்றத்துக்கு 1,45,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஓர் ஊழியரின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அப்படியொரு பட்டியல் அத்தனை கைகளுக்குப் போவது வழக்கமான அலுவலக வேலையாகிவிட்டிருந்தது என்பதுதான் கவலைக்குரியது. இளைஞர் பணிக்குள் கோப்பும் கண்காணிப்பும் எந்த அளவுக்கு நுழைகின்றனவோ அந்த அளவுக்கு அந்தப் பணி வலுவிழக்கிறது. நாடு தேடும் பாதுகாப்பும் அதோடு சேர்ந்து குறைகிறது. இங்கிலாந்தின் கடந்த கால் நூற்றாண்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

இளைஞர் பணி என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளிக்கூடம் போவது கட்டாயம். சமூகநலத் துறை வீட்டுக்கு வந்தால் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது. காவலர் கூப்பிட்டால் நிற்க வேண்டும். இளைஞர் மன்றத்துக்கு மட்டும் ஒரு பிள்ளை தானாக வருகிறது, பிடிக்காவிட்டால் தானாகப் போய்விடுகிறது. மேசைப்பந்து ஆட வருகிறவன், பாட்டு ஒலிப்பதிவு செய்ய வருகிறவள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சும்மா வந்து உட்காருகிறவர்கள் எல்லோரிடமும் வாரக்கணக்கில் பேசிப் பழகி, அவர்கள் தாங்களே மனம்திறக்கும் வேளைக்குக் காத்திருப்பவர்தான் இளைஞர் பணியாளர். 1958-இல் அமைக்கப்பட்டு 1960-இல் அறிக்கை தந்த ஆல்பமார்ல் குழு, இந்தப் பணியை அரசின் பொறுப்புகளில் ஒன்றாக நிலைநிறுத்தியது. அதன்பிறகு ஊர்தோறும் மன்றங்கள் எழுந்தன. பணியாளர்களுக்குப் பயிற்சி தர லெஸ்டர் நகரில் ஒரு தேசியக் கல்லூரியும் வந்தது. சட்ட அதிகாரமோ தண்டிக்கும் உரிமையோ மதிப்பெண் போடும் உரிமையோ இல்லாத இந்தப் பணியாளரிடம் இருக்கும் ஒரே மூலதனம் நம்பிக்கை. ‘இவரிடம் சொன்னால் இவரோடு நிற்கும்’ என்று பிள்ளை நம்பும்வரை அந்த மூலதனம் வளரும். அந்த நம்பிக்கை போய்விட்டால் மிஞ்சுவது மேசைப்பந்து மேசை மட்டுமே.

இதன்மீது முதலில் விழுந்தது இலக்குகளின் சுமை. 2001-இல் தொடங்கிய கனெக்ஷன்ஸ் திட்டம், 13 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆலோசகர்களை அமர்த்தியது. ஒவ்வொருவரையும் மதிப்பிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அந்த ஆலோசகர்களின் அன்றாட வேலையானது. படிப்பிலோ வேலையிலோ பயிற்சியிலோ இல்லாதவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே திட்டத்தின் முதல் இலக்கு. அடுத்த சில ஆண்டுகளில் உள்ளாட்சிகளின் இளைஞர் சேவைக்கும் அளவுகோல்கள் வந்தன. அந்த வயதினரில் 25 விழுக்காட்டினரை எட்ட வேண்டும். பங்கேற்பவர்களில் 60 விழுக்காட்டினரிடம் எழுதிக் காட்டக்கூடிய பலன் தெரிய வேண்டும். 30 விழுக்காட்டினர் சான்றிதழுக்குரிய ஏதாவதொன்றை முடித்திருக்க வேண்டும். கேட்பதற்கு இவை நியாயமாகவே படும். நடைமுறையில் நடந்தது வேறு. எண்ணிக்கை காட்ட வேண்டிய பணியாளர், எண்ணிக்கைக்கு எளிதில் அகப்படும் பிள்ளைகளைத்தான் தேடுவார். பத்து வாரப் பயிற்சியை ஒழுங்காக முடித்துச் சான்றிதழ் வாங்குகிறவள் அட்டவணையில் ஏறிவிடுவாள். ஆறு மாதம் வாசலிலேயே நின்றுவிட்டு ஏழாம் மாதம் உள்ளே வந்து அம்மாவின் குடியைப் பற்றி முதல்முறையாக வாய்திறக்கும் பையனுக்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது? உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளையே கணக்கில் மிகக் குறைவாகத் தெரிகிறான் என்பதுதான் இந்த அளவுகோல்களின் அடிப்படைக் கோளாறு. 2009-இல் இங்கிலாந்தின் இளைஞர் பணியாளர்கள் பலர் சேர்ந்து ‘இளைஞர் பணியின் பாதுகாப்பில்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டதற்கு இதுவே காரணம். பிள்ளை தானாக வருவதும், முன்கூட்டியே முடிவுசெய்யாத உரையாடலும் தங்கள் பணியின் உயிர் என்பதே அவர்களின் வாதம்.

அதே காலத்தில் தகவல் திரட்டும் ஆசையும் பெருகியது. இங்கிலாந்தின் 18 வயதுக்குட்பட்ட 1.1 கோடிப் பிள்ளைகளின் விவரங்களும் ஒரே இடத்தில் இருக்கும் ‘கான்டாக்ட்பாயின்ட்’ என்ற தரவுத்தளத்தை அரசு உருவாக்கியது. செலவு 22.4 கோடி பவுண்டு. பல லட்சம் அலுவலர்கள் அதைத் திறந்து பார்க்க முடியும் என்பதே திட்டம். 2009-இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தரவுத்தளத்தை, ஆட்சி மாறியதும் 2010 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள்.

அதைவிட ஆழமாகத் தைத்தது பயங்கரவாதத் தடுப்பின் பெயரில் வந்த ‘பிரிவென்ட்’ திட்டம். 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, முஸ்லிம் இளைஞர்கள் மிகுந்த பகுதிகளின் மன்றங்களுக்கு இந்தத் திட்டத்தின் வழியாகப் பணம் வந்தது. வந்த பணத்தோடு கேள்விகளும் வந்தன. 2009-இல் அருண் குந்த்னானி எழுதி இன உறவுகள் கழகம் வெளியிட்ட ஆய்வு, இளைஞர்களைப் பற்றித் தகவல் தரும்படி பணியாளர்கள் வற்புறுத்தப்படுவதாகச் சொல்லியது. அரசு மறுத்தது. 2010 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு ஒன்று, இந்தத் திட்டம் ஒரு சமூகத்தையே களங்கப்படுத்தி விலக்குகிறது என்று கண்டித்து, ஒற்றுக் குற்றச்சாட்டுகளைத் தனியே விசாரிக்கவும் பரிந்துரைத்தது. ஆனாலும் 2015-இல் சட்டமே வந்து, பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் இது கடமையாகிவிட்டது. 2015–16 நிதியாண்டில் 7,631 பேரைப் பற்றிப் புகார்கள் போயின. அவர்களில் மேற்கொண்டு உதவித் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள் 381 பேர், அதாவது 5 விழுக்காடு. 36 விழுக்காட்டினருக்கு எந்த நடவடிக்கையும் தேவைப்படவில்லை. எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் பதினைந்து வயதுப் பையன் காஸாவைப் பற்றியோ ஈராக் போரைப் பற்றியோ கோபமாக ஒரு கேள்வி கேட்க விரும்பினால், கேட்பதற்கு முன் இது எங்கே எழுதப்படும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்தவன் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல இணையத்தில் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

நியூஹாமில் கசிந்த பட்டியலின் மூலத்தைப் பார்த்தால் கண்காணிப்பின் இயல்பு இன்னும் தெளிவாகும். 2011 ஆகஸ்ட் கலவரங்களுக்குப் பிறகு லண்டன் பெருநகரக் காவல்துறை 2012-இல் தொடங்கியது ‘கேங்ஸ் மேட்ரிக்ஸ்’ என்ற கும்பல் பட்டியல். 2017 அக்டோபரில் அதில் 3,806 பேர் இருந்தார்கள் என்றும், 78 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர், மிக இளையவருக்கு வயது 12 என்றும் 2018-இல் அம்னெஸ்டி வெளியிட்டது. பெரிய குற்றம் எதுவும் செய்யாத பலரும், யாரோடு பழகினார்கள், என்ன காணொளியில் தோன்றினார்கள் என்பதை வைத்து உள்ளே வந்திருந்தார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இது மீறுகிறது என்று 2018-இல் தகவல் ஆணையர் கண்டறிந்தார். வழக்குக்குப் பிறகு 2022-இல் அதன் செயல்பாடு சட்டத்துக்குப் புறம்பானது என்று காவல்துறையே ஒப்புக்கொண்டது. 2024-இல் பட்டியல் கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், தெரிந்ததைச் சொல்லும்படி யார் கேட்டாலும் இளைஞர் பணியாளர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். சொன்னால் பிள்ளைகள் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் மானியம் போய்விடலாம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது. மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுகிறவர்கள் கணக்குச் சொல்ல வேண்டாமா? கட்டாயம் சொல்ல வேண்டும். பலனை அளக்க வழியும் இருக்கிறது. அதற்குப் பிள்ளைகளின் பெயரைக் கோப்பில் எழுதத் தேவையில்லை. பிரிட்டனின் நிதி ஆய்வுக் கழகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, லண்டனில் 2010-க்கும் 2019-க்கும் இடையில் சுமார் 30 விழுக்காடு இளைஞர் மன்றங்கள் மூடப்பட்டதை எடுத்துக்கொண்டது. மன்றத்தை இழந்த பகுதிகளையும் இழக்காத பகுதிகளையும் ஒப்பிட்டபோது, இழந்த பகுதிகளின் பிள்ளைகள் பள்ளித் தேர்வில் பின்தங்கினார்கள்; அவர்கள் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியது. எந்த மன்றத்திலும் ஒரு படிவம்கூடக் கூடுதலாக நிரப்பாமல் கிடைத்த முடிவு இது. இதற்கு நேர்மாறாக, எண்ணிக்கையில் அழகாகத் தெரிந்த ‘தேசியக் குடிமக்கள் சேவை’ என்ற சில வாரத் திட்டத்துக்கு 2014 முதல் 2018 வரை மத்திய அரசின் இளைஞர் சேவைச் செலவில் 95 விழுக்காடு போனது என்று உள்ளாட்சிகளின் சங்கம் கணக்குக் காட்டியது. அந்தக் காலத்திலேயே ஆண்டு முழுதும் திறந்திருந்த மன்றங்கள் வரிசையாக மூடப்பட்டன. கணக்குக் கேட்பது சரி. எளிதில் எண்ணக்கூடியதை மட்டும் பலன் என்று நம்பியதுதான் தவறு.

இரண்டாவது மறுப்பு உயிர்களைப் பற்றியது. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000-இல் சித்திரவதையால் இறந்த பிறகு, துறைகள் தகவலைப் பகிர்ந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று லாமிங் விசாரணை கண்டது. கான்டாக்ட்பாயின்ட் தரவுத்தளம் அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான். 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்ற இளைஞனைப் பற்றியும் பிரிவென்ட் திட்டத்துக்கு முன்பே மூன்று முறை தகவல் போயிருந்தது. இவற்றை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் சவுத்போர்ட்டில் தகவலுக்குப் பஞ்சமில்லை. தெளிவான சித்தாந்தம் தெரியவில்லை என்பதற்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் தந்து, மூன்று முறையும் கோப்பை அவசரமாக மூடினார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. ராதர்ஹாம் நகரம் இன்னும் கசப்பான சான்று. அங்கே 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக 2014-இல் அலெக்சிஸ் ஜே அறிக்கை மதிப்பிட்டது. அந்தக் கொடுமையை முதலில் கண்டறிந்த பொதுச் சேவை ‘ரிஸ்கி பிசினஸ்’ என்ற சிறிய இளைஞர் திட்டம். தெருவுக்கே போய்ப் பழகிய பணியாளர்களை அந்தப் பெண்கள் நம்பினார்கள், அவர்களிடம் பேசினார்கள். பணியாளர்களும் கேட்டதை மேலே சொன்னார்கள். காவல்துறையும் சமூகநலத் துறையும் அதைப் பொருட்படுத்தவில்லை; 2011-இல் அந்தத் திட்டத்தின் தனி இருப்பையும் முடித்துவிட்டார்கள். ஆபத்தைப் பற்றிய உண்மை முதலில் வெளிப்பட்டது நம்பிக்கை இருந்த இடத்தில்தான். அது தொலைந்துபோனது அதிகாரம் இருந்த இடத்தில்.

ஆகவே பதிவே கூடாது என்று யாரும் வாதாடவில்லை. ஒரு பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பிள்ளையிடமும் முதல் நாளே தெரிவித்துவிட வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே எழுதப்படும் ஒவ்வொரு வரியும் யாருக்காக என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளையின் நலனுக்காக, அவனுக்குத் தெரிந்து, அவன் படித்துப் பார்க்கக்கூடியபடி எழுதுவது பணியின் பகுதி. நிதி தருபவரின் அட்டவணைக்காகவோ காவல்துறையின் பட்டியலுக்காகவோ அவனுக்குத் தெரியாமல் எழுதுவது துரோகம். மன்றங்களுக்கான பணம் பாதுகாப்புத் துறைகளின் வழியாக வரக் கூடாது. பலனைப் பகுதி அளவில், நீண்ட காலத்துக்கு, வெளி ஆய்வாளர்கள் அளக்க வேண்டும். 2010-க்குப் பிறகு இங்கிலாந்தின் இளைஞர் சேவைச் செலவு 73 விழுக்காடு சரிந்துவிட்டதாக ஒய்எம்சிஏ கணக்கிடுகிறது. இப்போது ஆட்சியில் இருக்கும் லேபர் கட்சி புதிய இளைஞர் மையங்களை அமைப்பதாக 2024 தேர்தலில் வாக்குறுதி தந்தது. அவற்றின் கதவுகள் திறக்கும்போது உள்ளே வருகிறவரிடம் முதலில் பெயர் கேட்கும் படிவத்தை நீட்டாமல், பேச ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலையை எந்த நாடு தொடங்கினாலும் இதைத்தான் முதல் விதியாக எழுதிக்கொள்ள வேண்டும்.