டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரிகிறீர்களா?

லாரிக்குப் பக்கத்தில் நடப்பவர்கள் அறிய வேண்டிய உண்மைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. ஷிப்டு மாறும் நேரம். ஆலை வாசல்களில் இருந்து தொழிலாளர்கள் சாரி சாரியாக வெளியே வருகிறார்கள். கையில் சாப்பாட்டுப் பை. வீட்டுக்குப் போகும் அவசரம்.

அதே வாசலில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று திரும்புகிறது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் நீளமான டிரெய்லர். மனிதரும் லாரியும் ஒரே பாதையில்!

திருவள்ளூர் மாவட்டத்தில் இது தினசரிக் காட்சி. சென்னையில் இருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலை செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லைக்குப் போகிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். அங்கே போகும் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. இந்தப் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை. எங்கு பார்த்தாலும் லாரிதான்.

லாரி இல்லாமல் நமக்குச் சோறு இல்லை. அரிசியும் காய்கறியும் லாரியில்தான் வருகின்றன. வேலை கொடுக்கும் ஆலைக்குச் சரக்கும் லாரியில்தான் வருகிறது. லாரியை விரட்ட முடியாது. அதனோடு பத்திரமாக வாழக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு அச்சு உள்ள சாதாரண லாரி, சரக்கோடு சேர்த்து 18½ டன் எடை வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அது ஏறக்குறைய 300 மனிதர்களின் எடை! மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்து பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இது எல்லா வாகனங்களையும் சேர்த்த கணக்கு. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் இடம். மொத்தம் 64,105 விபத்துகள்!

தெரியாத இடம் நான்கு

"டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும்" என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. உயரத்தில் இருப்பதால்தான் அடியில் இருப்பது தெரிவதில்லை.

லாரியைச் சுற்றி நான்கு இடங்கள் டிரைவரின் பார்வையில் படுவதில்லை.

ஒன்று: முன்புறம். லாரியின் மூக்கை ஒட்டி நடக்கும் சிறு பிள்ளை டிரைவருக்குத் தெரியாது.

இரண்டு: பின்புறம். சரக்குப் பெட்டி மறைத்துவிடும்.

மூன்று: இடப்புறம். இதுதான் மிகவும் மோசமான இடம். நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். இடக் கதவின் கீழே நிற்பவரை அவர் எட்டிப் பார்த்தாலும் காண்பது கடினம்.

நான்கு: வலப்புறம், டிரைவர் கதவுக்குச் சற்றுப் பின்னால்.

இதற்கு எளிய சோதனை உண்டு. லாரியின் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் டிரைவரின் முகம் தெரிகிறதா? தெரியாவிட்டால் உங்களையும் அவருக்குத் தெரியாது! முகம் தெரிந்தாலும் அவர் உங்களைப் பார்த்தார் என்று நம்பிவிடக் கூடாது.

பின் சக்கரத்தின் குறுக்கு வழி

லாரி இடது பக்கம் திரும்பும்போது, முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். லாரி எவ்வளவு நீளமோ, அவ்வளவு அதிகமாக வெட்டும். டிரெய்லர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதனால்தான் டிரைவர் இடது பக்கம் திரும்புமுன் சற்று வலது பக்கம் ஒதுங்குகிறார். இடப்புறம் இடைவெளி உண்டாகிறது. "வழி கிடைத்தது" என்று சைக்கிள்காரர் நுழைகிறார். நடப்பவரும் நுழைகிறார். அது வழி அல்ல, பொறி! அடுத்த நொடி பின் சக்கரம் அங்கே வந்துவிடும்.

பிரேக் போட்டால் நிற்குமா?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி, ஒரே நொடியில் சுமார் 55 அடி ஓடிவிடும். உங்களைக் கண்டு, மனம் உணர்ந்து, காலை பிரேக்கில் வைக்க டிரைவருக்கு ஒரு நொடியாவது ஆகும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். பெரிய லாரியில் காற்றழுத்த பிரேக். காற்று குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரவும் ஒரு கணம் வேண்டும்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு ஆகும். மழை பெய்தால் இன்னும் அதிகம். "கை காட்டினால் நின்றுவிடுவான்" என்று சாலையில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

கிளீனர் டிரைவர் ஆன கதை

முன்பெல்லாம் லாரி ஓட்டக் கற்றது எப்படி? சிறு வயதில் கிளீனராக ஏறுவார்கள். வண்டி கழுவுவார்கள், டயர் மாற்றுவார்கள். இரவில் "குரு" தூங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். அப்படியே டிரைவர் ஆகிவிடுவார்கள். கெட்டிக்காரர்கள் பலர் அப்படி வந்தவர்களே. ஆனால் குருவின் கெட்ட பழக்கமும் சேர்ந்தே வந்துவிடும்!

இன்று சட்டம் வேறு. சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் கேட்குமுன், இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

கனரக வாகனப் பயிற்சிக்கு நம் கும்மிடிப்பூண்டியே பெயர் பெற்ற இடம். தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு இங்கே இருக்கிறது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில், அசோக் லேலண்டு நிறுவனம் தமிழக அரசோடு சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்துகிறது.

2021-ம் ஆண்டு மத்திய அரசு புதிய விதிகளைக் கொண்டு வந்தது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வாகனப் பயிற்சி 6 வாரத்துக்குள் 38 மணி நேரம். பாடமும் உண்டு, ஓட்டுவதும் உண்டு. மையத்தில் சோதனை ஓடுபாதை இருக்க வேண்டும். நிஜ வண்டி போலவே காட்டும் பயிற்சிக் கருவியும் இருக்க வேண்டும்.

பயிற்சி மட்டும் போதுமா? தூக்கமும் வேண்டும். 1961-ம் ஆண்டு வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் பொதுவான வேலை நேரம் என்று வரம்பு வைத்தது. "விடிவதற்குள் சரக்கு சேர வேண்டும்" என்று விரட்டும் முதலாளிகள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கண் சொருகும் டிரைவருக்கு எந்தப் பயிற்சியும் உதவாது. அவரை நம்பியும் ஒரு குடும்பம் இருக்கிறது.

லண்டனில் என்ன செய்தார்கள்?

லண்டன் நகரில் 2021 மார்ச் முதல் ஒரு கண்டிப்பான விதி அமலில் இருக்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி நகருக்குள் வர அனுமதி பெற வேண்டும். டிரைவர் தன் கண்ணால் நேரே எவ்வளவு பார்க்க முடியும் என்று அளந்து, லாரிக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நட்சத்திரம் குறைந்தால் கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும்.

அந்த நகரத்துப் போலீசார் இன்னொரு நல்ல வேலையும் செய்தார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களை லாரி டிரைவர் இருக்கையில் உட்கார வைத்தார்கள். "இங்கிருந்து என்ன தெரிகிறது, பாருங்கள்!" என்றார்கள்.

இதை நம் ஊரில் செய்யப் பணம் வேண்டாம். மனம் இருந்தால் போதும். ஆலைக்காரர்கள் ஒரு லாரியைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தட்டும். சாவியை எடுத்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக டிரைவர் இருக்கையில் ஏற்றட்டும். மற்றப் பிள்ளைகள் லாரியின் முன்னே நிற்கட்டும். யார் தெரியவில்லை என்று மேலே இருக்கும் பிள்ளை சொல்லும். ஆயுள் முழுவதும் அந்தப் பாடம் மறக்காது.

வீட்டில் சொல்லிக் கொடுங்கள்

1. நிற்கும் லாரியின் முன்னாலோ பின்னாலோ ஒட்டி நடக்காதீர்கள். எந்த நிமிடமும் அது புறப்படலாம்.

2. லாரிக்கு அடியில் நிழலுக்காக உட்காரவோ படுக்கவோ வேண்டாம்.

3. திரும்பும் லாரியின் இடப்புறம் நுழையாதீர்கள்.

4. பின்னால் வரும் லாரியைக் கண்டால் பக்கவாட்டில் விலகுங்கள். அதற்கு நேரே ஓடாதீர்கள்.

5. நடைபாதை இல்லாத சாலையில் வலப்புறமாக நடங்கள். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்.

6. இரவில் வெளிர் நிறச் சட்டை அணியுங்கள். டார்ச் இருந்தால் நல்லது.

7. சாலையைக் கடக்கும்போது செல்போன் பையில் இருக்கட்டும். பிள்ளையின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

வேடிக்கை பார்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். "போலீஸ் தொல்லை வரும்" என்று பயப்பட வேண்டாம். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை 2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு.

டிரைவர் தம் கண்ணாடியைப் பார்க்கட்டும். ஆலைக்காரர் வாசலில் நடப்பவருக்குத் தனி வழி விடட்டும். நாம் லாரியை விட்டு நான்கு அடி தள்ளி நடப்போம். ஷிப்டு முடிந்து கிளம்பியவர் வீடு வந்து சேர வேண்டும். லாரி ஓட்டிப் போனவரும் வீடு வந்து சேர வேண்டும்.