ஜெர்மானிய மொழியில் அளவுரைக்கும் முறை

பிறமொழியொன்றைப் பயிலப் புகுவார்க்கு வேற்றுமையுருபுகளும் வினைத்திரிபுகளுமே பெருமலையாய்த் தோன்றும். அவற்றை ஒருவாறு ஏறிக் கடந்த மாணவனும், கடைத்தெருவிற் சென்று இரண்டு பவுண்டு உருளைக்கிழங்கு கேட்குமிடத்து நாத் தடுமாறி நிற்பன். அளவைச் சொற்களை இலக்கண நூலார் பெரும்பாலும் நூலின் இறுதியில் ஒரு சிறு பிரிவில் அடக்கிவிடுதலே இதற்குக் காரணம். நம் கல்லூரி மாணவருள் மேற்படிப்பின் பொருட்டு ஜெர்மனிக்குச் செல்லக் கருதி அம்மொழி பயில்வார் சிலர் உளராதலின், அவர்க்குப் பயன்படுமாறு இப்பகுதியைச் சற்று விரித்தெழுதத் துணிந்தேன்.

நம் முன்னோர் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகையாக வகுத்தனர். தொல்காப்பியர் எண்ணுப்பெயரோடு நிறைப்பெயரும் அளவுப்பெயரும் புணரும் முறையைக் குற்றியலுகரப் புணரியலில் விரிவாகவே ஓதினார். ஆகவே அளவைச் சொல்லுக்கெனத் தனி நெறியுண்டு என்பது தமிழ் மாணவர்க்குப் புதுமையன்று.

முதலாவது, அளவைப் பெயரும் பொருட்பெயரும் இயையும் முறை. நாம் 'இரண்டு படி அரிசி' என்கிறோம். படிக்கும் அரிசிக்கும் இடையே உருபு யாதும் இல்லை. ஆங்கிலேயரோ இடையில் ஓர் உடைமைச் சொல்லை நுழைத்து 'அரிசியினுடைய இரண்டு படி' என்னும் பொருள்படக் கூறுவர். ஜெர்மானியர் இவ்விடத்து நம்மோடு சேர்ந்தவர். 'த்ஸ்வை ப்ஃபுண்ட் ரைஸ்' என்றால் இரண்டு பவுண்டு அரிசி. எண், அளவை, பொருள் என மூன்று சொற்களும் தமிழிற்போலவே வரிசையாய் நிற்கும். ஆங்கில வழியாக ஜெர்மன் பயிலும் நம் மாணவர் இவ்விடத்தில் 'ஃபோன்' என்னும் இடைச்சொல்லை வலிந்து செருகிப் பிழைபடுகின்றனர். தமிழைப் பின்பற்றியிருப்பின் அப்பிழை நேராது. ஒரு குறித்த பொருளிலிருந்து ஒரு கூறு கேட்கும்போது மட்டும் 'ஃபோன்' வரும். 'ஐன் ப்ஃபுண்ட் ஃபோன் டீஸெம் ரைஸ்' என்பது 'இந்த அரிசியில் ஒரு பவுண்டு' என்பதற்கு நேர். நாமும் அங்கே 'இல்' உருபு சேர்க்கின்றோம் அன்றோ!

பவுண்டு என்றதும் ஓர் எச்சரிக்கை. ஜெர்மானியர் பேச்சில் வழங்கும் ப்ஃபுண்ட் சரியாக 500 கிராம். ஆங்கிலப் பவுண்டோ ஏறத்தாழ 454 கிராம். மெட்ரிக் அளவை ஜெர்மனி முழுதும் 1872 முதல் சட்டமாயிற்று எனினும், பழைய பெயர் புதிய நிறைக்குப் பொருந்தி இன்றளவும் சந்தைகளில் வழங்கி வருகின்றது. கால் ப்ஃபுண்ட் கேட்டால் 125 கிராம் நிறுத்துத் தருவர்.

இனி, இப்பகுதியின் உயிர்நிலையான விதிக்கு வருவோம். எண் ஒன்றுக்கு மேற்பட்டவிடத்தும் அளவைப் பெயர் பன்மை ஏலாது ஒருமையிலேயே நிற்றல் உண்டு. இலக்கண நூல்கள் யாவும் இதற்கு மதுக்கோப்பையையே உதாரணம் காட்டுகின்றன. நாம் பாலைக் கொள்வோம். 'டிரை கிளாஸ் மில்ஹ்' என்றால் மூன்று கோப்பைப் பால். கிளாஸ் என்பதன் பன்மை 'கிளேஸர்' என்பதாம். ஆயினும் இங்கே அது வாராது. மேசைமேல் மூன்று கோப்பைகள் இருக்கின்றன எனக் கூறுங்கால் 'டிரை கிளேஸர்' என்றே சொல்லல் வேண்டும். முன்னது முகத்தலளவை, பின்னது எண்ணப்படும் பொருள். ஒரே கோப்பையை மூன்று முறை நிரப்பிப் பருகினும் 'டிரை கிளாஸ்' தான். உடைந்து கிடப்பன மூன்றாயின் 'டிரை கிளேஸர்' தான். இவ்வேறுபாட்டைத் தெளிந்தவன் விதியின் பெரும்பகுதியையும் தெளிந்தவனாவன்.

இவ்வாறே 'த்ஸேன் கிராட்' என்பது பத்துப் பாகை வெப்பம். 'த்ஸ்வை பார் ஷூஹெ' என்பது இரண்டு இணைக் காலணி. நூறு போர்வீரரைத் தொகையாகக் கணக்கிடுங்கால் 'ஹுண்டர்ட் மன்' என்பர். ஆடவர் நூற்றுவர் எனத் தனித்தனி எண்ணுங்கால் 'ஹுண்டர்ட் மென்னர்' என்பர். 'நூறு ஆள் வேலை செய்தனர்' என்று நம் ஊரில் மேஸ்திரி கூறும் கணக்கை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

ஆயின் விதி எல்லாப் பெயர்க்கும் பொதுவன்று. ஜெர்மன் மொழியிற் பெயர்கள் ஆண், பெண், அலி என மூன்று பாலாகப் பகுக்கப்படும். பொருளுக்கும் பாலுக்கும் இயைபு வேண்டுவதில்லை. ஆண்பாற்பெயரும் அலிப்பாற்பெயரும் அளவையாய் வரின் ஒருமையில் நிற்கும். 'எ' என்னும் ஓசையில் முடியும் பெண்பாற்பெயர்களோ பன்மை ஏற்கும். கிண்ணத்தைக் குறிக்கும் 'டாஸ்ஸெ' பெண்பால். ஆதலால் இரண்டு கிண்ணம் காப்பி என்பதற்கு 'த்ஸ்வை டாஸ்ஸென் கஃபே' என்றே கூறுவர். புட்டியைக் குறிக்கும் 'ஃப்ளாஷெ' என்பதும் 'ஃப்ளாஷென்' ஆகும். காலப்பெயர்கள் இவ்விதிக்கு வெளியே நின்று பன்மை ஏற்கும்: இரண்டு ஆண்டு 'த்ஸ்வை யாரெ', மூன்று நாள் 'டிரை டாகெ'. பெண்பாலாயினும் பன்மை ஏலாதது ஒன்றுண்டு. அது 'மார்க்' என்னும் நாணயப் பெயர். 2002ஆம் ஆண்டில் யூரோ நாணயம் புழக்கத்திற்கு வந்து மார்க் மறைந்தது. புதிய யூரோவும் 'த்ஸேன் ஆய்ரோ' என ஒருமையிலேயே எண்ணப்படுகின்றது.

இப்பால்வேற்றுமை ஏன் எழுந்தது? மாணவர் இதைக் கேளாமல் உருப்போட்டு விடுகின்றனர். விடையோ மிகவும் சுவையுடையது. இடைக்கால ஜெர்மானியத்தில் அலிப்பாற்பெயர் பலவற்றுக்கு எழுவாயில் பன்மை விகுதியே கிடையாது. ஒரு ப்ஃபுண்டும் ப்ஃபுண்ட், பத்து ப்ஃபுண்டும் ப்ஃபுண்ட். 'மன்' என்னும் ஆண்பாற்சொல்லும் அங்ஙனமே இருந்தது. பெண்பாற்பெயர்களில் மட்டும் பன்மையுருவம் பலவற்றில் வெளிப்படையாயிருந்தது. நாளடைவில் அலிப்பாற்பெயர்கள் புதிய பன்மை விகுதிகளைப் பெற்றன. சந்தையிலும் கணக்கேட்டிலும் நாள்தோறும் எண்ணோடு சேர்ந்து வழங்கிய அளவைச் சொற்களோ பழைய உருவையே விடாது பற்றிக்கொண்டன. அவற்றைப் பார்த்துப் பிற ஆண்பால் அளவைகளும் அந்நெறியில் ஒழுகின. எனவே இன்று ஒருமையென நாம் பெயரிடுவது உண்மையில் பழம்பன்மையே.

நம் இலக்கணத்தார் 'பால்பகா அஃறிணைப்பெயர்' என்று கூறுவதை நினைவுகூர்க. 'மாடு வந்தது, மாடு வந்தன' என ஒரு சொல்லே இருபாற்கும் ஏற்கும். 'பத்து மாடு' என்பதில் 'கள்' விகுதி வேண்டுவதில்லை. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் பயின்று, 1716இல் ஹாலே நகரில் லத்தீன் மொழியில் தமிழிலக்கணம் அச்சிடுவித்த சீகன்பால்கு ஜெர்மானியரே. 'பத்துப் படி அரிசி' என்பதைக் கேட்டபொழுது அவர்க்கு அது விந்தையாய்த் தோன்றியிராது என்று யான் எண்ணுவதுண்டு.

பொருட்பெயர்க்கு அடைமொழி வருமிடத்து மற்றொரு சிக்கல் தலைகாட்டும். முற்காலத்தில் அளவைக்குப்பின் வரும் பொருட்பெயர் ஆறாம் வேற்றுமையில் நின்றது. இக்காலத்தில் அவ்வுருபு மறைந்து, பொருட்பெயர் அளவைப் பெயரின் வேற்றுமையையே தானும் ஏற்கின்றது. குளிர்ந்த நீர் ஒரு கோப்பை என்பதற்கு 'ஐன் கிளாஸ் கல்டெஸ் வாஸர்' என்பது இன்றைய வழக்கு. 'ஐன் கிளாஸ் கல்டென் வாஸர்ஸ்' என்பது ஆறாம் வேற்றுமை தங்கிய உயர்நடை. இரண்டும் பிழையல்ல. உணவுச்சாலையில் பின்னதை வழங்கினால் ஏவலாளன் புன்முறுவல் செய்வான், அவ்வளவே.

'மிகுதி' என்னும் பொருள்தரும் 'ஃபீல்' என்னும் சொல்லும் பழங்காலத்தில் ஒரு பெயர்ச்சொல்லே. அதன்பின்னும் ஆறாம் வேற்றுமை வந்தது. அதனாலேயே அளவிடற்பாலனவாகிய நீர், பணம் முதலியவற்றின் முன் அது திரிபின்றி நிற்கின்றது: 'ஃபீல் கெல்ட்' என்றால் மிக்க பணம். எண்ணற்பாலனவற்றின் முன் 'ஃபீலெ' என விகுதி பெறும்: 'ஃபீலெ ப்யூஹர்' என்றால் பல நூல்கள். சிறுமை குறிக்கும் 'வேனிஹ்' என்பதும் இவ்வாறே. 'மிக்க நன்றி' என்பதற்கு மட்டும் 'ஃபீலென் டாங்க்' என்பர். அதனை விதிவிலக்காக நெஞ்சிற் கொள்க. 'சிறிது' என்னும் பொருளில் யாவரும் வழங்கும் 'ஐன் பிஸ்ஹென்' என்பது சொல்லளவில் 'ஒரு சிறு கடி' என்பதே. பண்டத்திற் கடித்தெடுத்த துண்டு அளவையாயிற்று. 'ஐன் பார்' என்பது எழுத்தில் ஏமாற்றும். பெரிய எழுத்தால் தொடங்கின் ஓர் இணை. சிறிய எழுத்தால் தொடங்கின் ஒரு சில. பெரிய எழுத்துச் சிறிய எழுத்து என்னும் பாகுபாடில்லாத நம் மொழியினர் இதனைக் கண்ணாற் காண்பதற்குச் சிறிது காலம் வேண்டும். செவியோ ஒருநாளும் பிரித்தறியாது.

எண்ணுப்பெயர்களில் இரண்டு இடர்கள் உள. இருபத்துநான்கு என்பதை ஜெர்மானியர் 'நான்கும் இருபதும்' என மாற்றி 'ஃபீருண்ட்த்ஸ்வான்ஸிஹ்' என்பர். தொலைபேசியிற் கேட்டு எழுதுவோர் 24ஐ 42 என எழுதிவிடுதல் எளிது. மற்றொன்று பின்னம். ஒன்றரைக்கு 'ஆன்டர்ட்ஹல்ப்' என்று பெயர். 'ஆன்டர்' என்பது பழவழக்கில் இரண்டாவது. ஆகவே 'இரண்டாவது பாதியளவு' என்பது சொற்பொருள். ஒன்று முழுதாய் முடிந்தது, இரண்டாவதில் அரை என்க. மணி கூறுதலும் இந்நெறியே. 'ஹல்ப் டிரை' என்றால் மூன்றாம் மணியில் அரை கழிந்தது, அதாவது இரண்டரை. யான் அந்நாட்டிற் பயிலச் சென்ற முதல் மாதத்தில் ஓர் ஆசிரியர் 'ஹல்ப் டிரைக்கு வருக' என்றார். மூன்றுக்குமேல் அரை எனக் கணித்து மூன்றரை மணிக்குச் சென்றேன். அறை பூட்டியிருந்தது, ஆய்வுக்கூடத்தில் எஞ்சியிருந்த ஓரிடமும் வேறொருவர்க்குச் சென்றுவிட்டது. அடுத்த பருவம்வரை காத்திருந்தேன். பிழை என்னுடையதே. கிழக்கிலும் தெற்கிலும் சில பகுதிகளில் 'ஃபியர்டெல் டிரை' என்று இரண்டேகாலையும் கூறுவராதலின், அங்குச் செல்வோர் இன்னும் விழிப்பாயிருத்தல் நலம்.

பேரெண்களைப் பற்றியும் ஒரு சொல். ஜெர்மனில் 'மில்லியார்டெ' என்பது நூறு கோடி. 'பில்லியோன்' என்பது லட்சம் கோடி. ஆங்கிலத்தில் இன்று பில்லியன் என்பது நூறு கோடியே. ஆகவே எழுத்தொப்புமையை நம்பி மொழிபெயர்த்தால் ஆயிரமடங்கு பிழை நேரும். 1923 நவம்பரில் ஜெர்மனியின் காகித மார்க் வீழ்ந்து, டாலர் ஒன்றுக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என நிறுத்தப்பட்டபொழுது, அதனை '4,2 பில்லியோனென் மார்க்' என்று எழுதினர். பில்லியோன் தானே பெயர்ச்சொல்லாதலின் பன்மை ஏற்றது. அத்துணைப் பெருந்தொகையிலும் மார்க் பன்மை ஏற்கவில்லை.

அத்தொடரில் 4க்குப் பின் நிற்கும் குறியைக் கவனித்தீர்களா? அது காற்புள்ளி. ஜெர்மானியர் தசமத்திற்குக் காற்புள்ளியும், ஆயிரத்தைப் பிரித்துக்காட்டப் புள்ளியும் இடுவர். நமக்கு 1,500 ஆயிரத்தைந்நூறு. அவர்கட்கோ அது ஒன்றரை. நமக்கு 1.500 ஒன்றரை, அவர்கட்கு ஆயிரத்தைந்நூறு. ரசாயன மாணவர் ஜெர்மானிய ஆய்வேட்டில் ஒரு பொருள் '1,500 கிராம்' எனக் கண்டால், தராசுத் தட்டில் இடவேண்டுவது ஒன்றரைக் கிராமே.