வள்ளுவரை இடுப்பு வளைத்து நிற்க வைத்தவர்!

சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம்... மலையைக் குடைந்து கோயில் கண்ட மண் புதுக்கோட்டை மாவட்டம். திருமயம் தாண்டி மாவட்ட எல்லையைக் கடந்தால் பிள்ளையார்பட்டி. அங்கும் குடைவரைக் கோயில்தான். அந்த ஊரின் ஸ்தபதி குடும்பத்தில் 1927-ல் பிறந்தவர், கணபதி ஸ்தபதி.

அப்பா வைத்தியநாத ஸ்தபதியும் பெயர்பெற்ற சிற்பி. மகனோ காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தார். பிறகு குலத்தொழிலுக்கே திரும்பி, மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக 27 ஆண்டுகள் இருந்தார். பூம்புகாரின் சிலப்பதிகாரக் கலைக்கூடம், சென்னையின் வள்ளுவர் கோட்டம் இரண்டும் அவர் வடிவமைத்தவை.

படித்த கணக்குக்கும் கற்ற சிற்பத்துக்கும் பெரிய சோதனை, குமரிக் கடலில் காத்திருந்தது.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலைக்கு அடிக்கல் நாட்டியது 1979-ல். வேலை தொடங்கியதோ 1990-ல். குறளின் அதிகாரங்கள் 133 என்பதால் உயரமும் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடி பீடம். பொருட்பாலின் 70, இன்பத்துப்பாலின் 25 சேர்த்து 95 அடி சிலை.

எண்ணிக்கை பொருந்திவிட்டது. கல் நிற்க வேண்டுமே! சிலையும் பீடமுமாகச் சுமார் 7,000 டன். உள்ளே வெற்றிடம். சுற்றிலும் ஓயாத கடல்காற்று. நேராக நிமிர்ந்து நிற்கும் சிலை என்றால் வேலை சுலபம். ஆனால் ஸ்தபதி, நடராஜரை நினைவூட்டும்படி வள்ளுவரின் இடுப்பை லேசாக வளைத்தார். வளைந்த உடலின் பாரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. அதனால் முதலில் மரத்தில் மாதிரி செய்து, உடலின் நடுக்கோடான 'காயமத்திய சூத்திரம்' எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். அதன் பிறகே கல்லில் உளி விழுந்தது.

2000 ஜனவரி 1 அன்று சிலை திறக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளுக்குள், 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. பேரலைகள் அந்தப் பாறையையும் மோதின. வள்ளுவர் அசையவில்லை.

2009-ல் பத்மபூஷண் பெற்ற கணபதி ஸ்தபதி, 2011-ல் மறைந்தார். அடுத்த முறை குமரிக்குப் போகும்போது, வள்ளுவரோடு செல்ஃபி எடுக்கும் முன் அந்த இடுப்பு வளைவை ஒரு நிமிஷம் பாருங்கள். குழந்தைகளிடம் செய்தவரின் பெயரையும் சொல்லுங்கள்.