வீல்சேரில் வரும் வீனஸ்

முதலில் தரையைப் பாருங்கள். ஆடுகிறவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கைனெட்டிக் லைட் என்ற அமெரிக்க நடனக் குழு 2018-இல் அரங்கேற்றிய ‘டிசென்ட்’ நடனத்துக்குச் சமதள மேடையே கிடையாது. மொத்த மேடையும் ஒரு ராம்ப்! மேடு, வளைவு, உச்சி, அங்கிருந்து சர்ரென்று ஓர் இறக்கம். வங்கி வாசலில் கடமைக்கு ஊற்றிவைத்த சிமென்ட் சரிவு இல்லை இது. பார்த்தாலே உருண்டு இறங்கத் தோன்றும் சரிவு. ஆலின் பொறியியல் கல்லூரியின் சாரா ஹென்ட்ரனும் யெவ்கெனியா ஸாஸ்தாவ்கரும் தங்கள் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வடிவமைத்தது. ஒரு காதல் கதைக்காக!

ஆமாம், காதல் கதைதான். ரோடானின் சிற்பம் ஒன்றிலிருந்து எழுந்து வந்த ஆண்ட்ரோமீடாவும் வீனஸும் அந்த மேட்டில் துரத்துகிறார்கள், தழுவுகிறார்கள், சேர்ந்தே சறுக்குகிறார்கள். அலிஸ் ஷெப்பர்ட் ஆண்ட்ரோமீடா, லாரல் லாசன் வீனஸ். இருவரும் வீல்சேரில்.

இப்போது கொஞ்சம் குனிந்து அந்த நாற்காலியைப் பாருங்களேன். எனக்கு உடை, ஒப்பனையைவிட இதில்தான் மயக்கம். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் வண்டிக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை. ஆட்டத்துக்கான நாற்காலியில் சக்கரங்கள் அடிப்பக்கம் அகன்று சாய்ந்திருக்கும். அதனால் சட்டென்று திரும்பலாம், பக்கவாட்டில் எளிதில் சாயாது. உடம்பைப் பட்டை போட்டு நாற்காலியோடு இறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் என்ன, கவிழ்வதும் ஓர் அடவு! வண்டியோடு தரையில் புரண்டு வண்டியோடு எழலாம். இந்த நாற்காலிகளை வடிவமைப்பது யார் தெரியுமா? நம் வீனஸேதான். லாரல் பொறியாளரும்கூட, அமெரிக்கப் பெண்கள் ஸ்லெட் ஹாக்கி அணியிலும் ஆடியவர். (ஒரே ஆளுக்கு இத்தனையா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை.)

ஒளியமைப்பு மேசைக்கு வருவோம். மைக்கேல் மாக், அவரும் வீல்சேரில்தான். ‘அவர்களுக்காக’ யாரோ தயாரிக்கும் நிகழ்ச்சியாக இது இல்லாததன் ரகசியம் இந்த ஆள்பட்டியலில் இருக்கிறது. பார்வையற்ற ரசிகருக்காக லாரல் உருவாக்கிய ‘ஆடிமான்ஸ்’ செயலியையும் கேளுங்கள். “இப்போது கையைத் தூக்குகிறார்” என்ற ஒற்றைக் குரல் வர்ணனை இல்லை. வர்ணனை, கவிதை, அசைவின் சத்தம் எனப் பல ஒலித்தடங்கள் ஒரே நேரத்தில் ஓட, ரசிகர் திரையில் விரலை நகர்த்தி வேண்டியதைக் கேட்கலாம். 2022-இல் இதே குழுவின் அடுத்த நடனமான ‘வயர்ட்’ வந்தது. அதில் நாற்காலியோடு அந்தரத்தில் பறந்தார்கள். முள்கம்பியைப் பற்றிய நடனம், தரையில் நிற்க மனசு வருமா?

சரி, இவர்கள் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார்கள்? அலிஸ் பல்கலைக்கழகத்தில் இடைக்கால இலக்கியம் நடத்திய பேராசிரியர். 2004-இல் ஒரு மாநாட்டில், புற்றுநோயால் ஒரு காலை இழந்தும் ஆடிக்கொண்டிருந்த ஹோமர் அவிலா, “ஒரு நடன வகுப்புக்குப் போய்த்தான் பாரேன்” என்று சவால் விட்டார். போனார். நிரந்தரப் பேராசிரியர் வேலையையே விட்டுவிட்டார்!

கேட்க இனிக்கிறது. ஆனால் சவால் விட ஒரு ஹோமர் எல்லாருக்கும் எதிர்ப்படுவதில்லை. படியேறிப் போகவேண்டிய வகுப்பறை, “ஓரமாக உட்கார்ந்து பாரும்மா” என்னும் ஆசிரியர், இரண்டு கால்களை மட்டுமே மனதில் வைத்து எழுதிய பாடத்திட்டம். சின்ன வயதில் பயிற்சி கிடைக்காதவர் பெரியவரானதும் நடனக் குழுவுக்கான தேர்வில் எப்படித் தேறுவார்? மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆட 1987-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆக்சிஸ் நடனக் குழு மேடையோடு நிற்காமல் ஆசிரியர் பயிற்சியிலும் இறங்கியது இதனால்தான். அலிஸும் அங்கே ஆடி வளர்ந்தவரே. 2016-இல் ஆக்சிஸ் இந்தத் துறைக்காரர்களை நியூயார்க்கில் கூட்டி, தொழிலாக இது நிலைக்க என்ன வேண்டும் என்று பேச வைத்தது.

இனி, எந்த விளக்கும் விழாத மூலை: சம்பளக் கணக்கு. அமெரிக்காவில் வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகள் பெறும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீடும் ஒரு வண்டியும் போக, தனிநபர் கையில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக் கூடாது. 1989-இலிருந்து அதே வரம்பு! பல மாநிலங்களில் மருத்துவ உதவியும் இதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆகவே ஒரு நல்ல சுற்றுப்பயணத்தின் சம்பளம் மொத்தமாக வந்துவிட்டால், கைதட்டலோடு கலவரமும் சேர்ந்து வரும். ராம்ப் போடுவது இதைவிடச் சுலபம் என்பேன்.

2020-இல் ஃபோர்டு, மெலன் அறக்கட்டளைகள் 20 மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்குத் தலா 50,000 டாலர் நல்கை அறிவித்தன. அலிஸும், பின்னால் ‘வயர்ட்’டில் பறந்த ஜெரன் ஹெர்மனும் அந்தப் பட்டியலில். எனக்குப் பிடித்தது தொகை அல்ல, கொடுத்த விதம். மொத்தமாகவா, தவணையாகவா, தள்ளிப்போட்டா என்று அவரவர் நிலைமைக்கேற்பப் பெற்றுக்கொள்ளலாம். நடனக் குழுவின் கிரீன் ரூமில் ஒப்பனைக்காரர் பக்கத்தில் ஒரு கணக்காளருக்கும் நாற்காலி போட்டுவையுங்கள் ஐயா!