இடிபாட்டுக்குப் பெயரிடுதல்: ஜபல் ஹாரூன் துறவுமடச் சான்றுகள்

நிலத்தின் மேற்பரப்பில் தென்படும் சுவர்த் தடங்களை அளந்து வரைபடமாக்குவது கள ஆய்வின் முதற்பணியாகும். அவ்வரைபடத்திற்கு விளக்கம் தந்து பெயரிடுவது அதனின் வேறான பணி. இவ்விரண்டுக்கும் இடையே கடக்க வேண்டிய படிகளை, ஜோர்தான் நாட்டின் பெத்ரா வட்டாரத்துச் சின்னங்கள் இரண்டின்வழி இங்கு விளக்க முனைகிறோம்.

முதலாவது, பெத்ராவில் பாறையைக் குடைந்து அமைக்கப்பெற்ற 'அத்-தைர்'. இவ்வரபுப் பெயருக்குத் துறவுமடம் என்பது பொருள். அதன் உட்சுவரில் சிலுவைக் குறிகளும் உள்ளன. எனினும், அது நபத்தேயர் காலத்துக் கட்டுமானமே. சிலுவைகள் பிற்காலக் கிறித்தவப் பயன்பாட்டை மட்டுமே உணர்த்துகின்றன. எனவே, இடப்பெயரோ ஒற்றைக் குறியோ துறவுமடத்திற்குப் போதிய சான்றாகாது.

இரண்டாவது, பெத்ராவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜபல் ஹாரூன். மோசேயின் உடன்பிறந்தாரான ஆரோன் இறந்த மலையாக இது போற்றப்படுகிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே சமதளத்தில் விரிந்த இடிபாடுகள் உள்ளன. தேவாலயம் மட்டும் இருப்பின் அது ஊர்க்கோயிலாகலாம். முற்றத்தைச் சூழ்ந்த அறைகளும் நீர்த்தொட்டியும் பயணியர் விடுதிக்கும் பொருந்தும். 1217இல் இங்கு வந்த தீத்மார் என்னும் பயணி, மலையுச்சியில் கிரேக்கத் துறவியர் இருவர் வாழ்ந்ததாகக் குறிப்பிடுகிறார். அக்குறிப்பும் பைசாந்தியக் காலத்திற்கு நேரடிச் சான்றன்று.

ஐயத்தைக் குறைத்தவை இரண்டு. 1993இல் பெத்ரா தேவாலயத்தில் கிடைத்த, தீயில் கருகிய 6ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் சுருள்களுள் ஒன்று, தலைமைக் குரு ஆரோனின் 'இல்லம்' ஒன்றைச் சுட்டுகிறது. 1997இல் ஃபின்லாந்து ஆய்வுக் குழுவினர் தொடங்கிய களப்பணி, முப்பகுதிப் பசிலிக்கா, சிற்றாலயம், திருமுழுக்குத் தொட்டி, தங்கும் அறைகள் ஆகியவற்றை ஒரே வளாகமாக வெளிக்கொணர்ந்தது. வளாகத்தின் தொடக்கம் 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி எனக் கணிக்கப்பெற்றது. துறவியர் உறைவிடமாகவும் புனிதப் பயணியர் தங்குமிடமாகவும் அது ஒருங்கே விளங்கியது என்னும் முடிவு இவ்விரு சான்றுகளின் இணைப்பால் வலுப்பெற்றது.

மேற்பரப்பாய்வு நிலையில் 'இருக்கலாம்' என்பதே நேர்மையான வினைமுற்று. எழுத்துச் சான்றும் அகழாய்வும் ஒன்றையொன்று தாங்கி நின்ற பின்னரே 'ஆகும்' என்று எழுதும் உரிமை நமக்குக் கிட்டுகிறது. வரலாற்றுப் பாடம் எழுதுவோரும் கற்பிப்போரும் இவ்விரு சொற்களின் வேறுபாட்டைப் பேணுதல் இன்றியமையாதது.